மஞ்சள் கோடு

என் வேலைக்குப் பெயர் இல்லை.
சம்பளச் சீட்டில் 'உதவி' என்று போட்டிருந்தது.
தொண்ணூற்றாறில், ஆடி முடிந்த மூன்றாம் நாள்
ஆற்காடு சாலையில் வரதராஜுலு பிளாசா திறந்தபோது
படி தானாக ஏறுகிறதாம் என்று
குன்றத்தூரிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

படியின் அடியில் நான்.
முந்தானையைச் செருகிக்கோ.
மஞ்சள் கோட்டை மிதிக்காதே.
வலது காலை எடுத்து வை.
கை கொடுப்பேன்.
ஒரு நாளைக்கு நானூறு கை, ஐந்நூறு கை.
மருதாணி போட்ட கை, மீன் வாசம் போகாத கை,
பயத்தில் என் கண்ணாடி வளையலை நெரித்து உடைத்த கை.
மணப்பெண்ணை உள்ளே அழைப்பதுபோல்
ஊரையே அழைத்திருக்கிறேன் நான்.
மேலே போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.
எதுவும் வாங்கமாட்டார்கள்.
இறங்கி வந்து மறுபடி வரிசையில் நிற்பார்கள்.

ஏறத்தான் இயந்திரம். இறங்க வெறும் சிமெண்டுப் படி.
இன்னொன்று வாங்கக் காசில்லை என்றார் வரதராஜுலு.
இறங்குகிறவனுக்கு எதுக்கு உதவி என்றும் சொன்னார்.

இருநூற்றுப் பதினொன்றில் ஜபருல்லா
கேசட் விற்றார். பிறகு சிடி.
பிறகு ரீசார்ஜ். பிறகு செல்போன் உறை.
பிறகு ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு
உள்ளே உட்கார்ந்திருந்தார்;
செருப்பு மட்டும் தெரியும்.

கைகள் குறைந்தது எந்த வருஷம் என்று
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
முதலில் சந்தோஷப்பட்டேன்,
கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று.
ஒரு கையில் பை, ஒரு கையில் போன்,
கோட்டைப் பார்க்காமலே தாண்டிப் போனார்கள்.
கால்களும் குறைந்ததை
அப்புறம்தான் கவனித்தேன்.
வேளச்சேரிப் பக்கம் பெரிசாகத் திறந்திருக்கிறார்களாம்.
அங்கே இறங்கவும் ஓடுமாம்.

மூன்றாம் மாடியில் ஏசியை நிறுத்தினார்கள்.
பிறகு இரண்டாம் மாடியில்.
குளிர், தண்ணீர் மாதிரி, கீழே வடிந்து வந்தது;
கடைசியில் நகைக்கடை வாசலில் மட்டும்
ஒரு பாய் அகலம் தேங்கி நின்றது.
நகைக்கடையும் போனது.

அந்த டிசம்பர் வெள்ளத்தில்
கீழ்த்தளத்துக் கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மிதந்தன.
மோட்டார் நாலு நாள் தண்ணீர் குடித்தது.
அதற்கப்புறம் ஞாயிறு மட்டும் ஓடியது.
அப்புறம் பொங்கல், தீபாவளிக்கு.
மெட்ரோவுக்காக வாசலில் தகரம் அடித்த அன்று
வயர்மேன் இன்னாசி சாவியைத் திருப்பி
என்னிடமே கொடுத்துவிட்டுப் போனான்.
இடுப்பில் இருக்கிறது. எதையும் திறக்காத சாவி.

வரதராஜுலு போய்ச் சேர்ந்தார்.
பிள்ளைகள் கோர்ட்டில் இருக்கிறார்கள்.
மிச்சமிருக்கும் ஒன்பது கடை சேர்ந்து
எனக்குச் சம்பளம் தருகிறது.
நோட்டரி வக்கீல், பல் செட் செய்பவர்,
டைப்ரைட்டிங்கை இன்னும் விடாத ஒரு இன்ஸ்டிட்யூட்.
கூட்டுகிறேன். புறா எச்சத்தைச் சுரண்டுகிறேன்.

நின்றுபோன எஸ்கலேட்டரில் ஏறியிருக்கிறீர்களா?
முதல் படியில் உடம்பு முன்னால் சாயும்.
நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.
காலுக்குத் தெரியாது.
கால் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது.
பல் செட் வாங்க வருகிறவர்கள் எல்லாரும்
அங்கேதான் தடுமாறுகிறார்கள்.
எனக்கு மறுபடி வேலை வந்துவிட்டது.

நேற்று பாங்கிலிருந்து ஒரு பையன்.
ஒரு கக்கத்தில் சுருட்டிய ஏல நோட்டீஸ்,
மறு கையில் பசை வாளி.
பத்திரம் தம்பி, முதல் படி, என்றேன்.
ஓடலையே என்று சிரித்தபடி
கால் வைத்தான், சாய்ந்தான்,
பசை அப்பிய விரல்களால்
என் கையை இறுகப் பிடித்தான்.

மேலே போய் ஒட்டினான்.
கோணலாக இருந்தது. பிய்த்து மறுபடி ஒட்டினான்.
நான் கீழே நின்றேன்.
மைதாப் பசை. காயக் காய
விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
வெந்நீரில்தான் போகும்.