முதல் தொடப்படவில்லை

அறங்காவலர் கூட்டம், காவேரிப்பட்டணம்.
மாலை நான்கு மணி என்று எழுதினேன்,
தொடங்கியது நாலு நாற்பதுக்கு.
வருகை ஐவர்.
டீ ஆறு, எனக்கும் சேர்த்து.

வனஜாட்சி அம்மாள்
பம்பாயில் முப்பத்தோரு வருஷம்
அடுத்தவர் பணத்தோடு குடித்தனம் நடத்தியவர்.
எட்டாயிரம் கோடி
அவர் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்ததாம்.
இங்கே என் டீசல் ரசீதை,
நாலாயிரத்து இருநூறு ரூபாய்,
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்.

அவர் அப்பாவுக்குச் சந்தூரில் மாங்காய் மண்டி.
பெங்களூராவா செந்தூராவா என்று
கண்ணை மூடி மோந்தே சொல்வாராம்.
ஊரைப் பற்றி அம்மாள்
இதற்கு மேல் பேசியதில்லை.

தீர்மானம் மூன்று:
ஒரு கோடியே நாற்பது லட்சம் வைப்பு நிதியில் ஒரு பங்கை
முதிர்வுக்கு முன்பே உடைத்து
இரண்டு டயாலிசிஸ் மெஷின் வாங்குவது.
இருப்பது நான்கு.
காத்திருப்பவர் பத்தொன்பது.
முன்மொழிந்தவர் டாக்டர் ஜபருல்லா,
வழிமொழிந்தவர் கிரானைட் திம்மராஜு.

அம்மாள் சொன்னதைச்
சொன்னபடியே எழுதினேன்:
"மெஷினை ஒரு தடவை வாங்குவோம்.
வடிகட்டி, ஊசி, தண்ணி, ஆள் சம்பளம்
மாசாமாசம் வாங்கணும்.
அதை வாங்குறது வட்டி.
கல்லு வச்சுப் பழுக்கவச்ச பழம்
மூணாம் நாள் கறுத்துடும்."

"எதும்மா முதல்?" என்றார் டாக்டர்.
அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் என்பது
எனக்கு அப்போதுதான் உறைத்தது.
திம்மராஜு டீயின் ஆடையை விரலால் ஒதுக்கினார்.

ஆதரவு இரண்டு, எதிர்ப்பு மூன்று.
தோற்றது.

பட்டியலில் ஏழாவது பெயர் பச்சையப்பன்.
கூழ் ஆலையில் டின் மூடுகிற வேலை.
வாரம் இரண்டு நாள் தருமபுரிக்கு பஸ்,
அங்கேயும் வரிசை.
ஆவணி பதினொன்றாம் தேதி போய்விட்டார்.
அவர் மனைவியே வந்து
பெயரை அடிக்கச் சொன்னாள்.
"அடுத்தவங்களுக்கு ஆகும்ல."
அளவுகோல் வைத்து அடித்தேன்.
கோடு நேராகத்தான் வந்தது.

அம்மாளுக்குப் போன் செய்தேன்.
"சரி" என்றார்.
வைத்துவிட்டார் என்று நினைத்தேன், வைக்கவில்லை.
அந்தப் பக்கம் லாரிகள் போய்க்கொண்டிருந்தன,
ஒன்று, இன்னொன்று.
பிறகு, "வருகைப் பதிவேட்டை அனுப்புங்க,
ஒரு வருஷத்துது."

அடுத்த கூட்டம், பக்கம் அறுபத்து நாலு.
"எல்லாரும் ராத்திரி ஏழுக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறாங்க.
அப்புறம் நாலு மெஷினும் தூங்குது.
தூங்குற பணத்தைத் தட்டி எழுப்பத்தான்
முப்பத்தோரு வருஷம் சம்பளம் வாங்கினேன்.
இது எனக்கு ஏன் அன்னைக்கே தோணலை?"
கடைசி வரி குறிப்பில் வரவேண்டுமா, தெரியவில்லை.
எழுதிவிட்டேன்.

இரவு ஷிப்ட் ஒன்று.
இரண்டு டெக்னீஷியன், சம்பளம் வட்டியிலிருந்து.
கிழமை மாற்றி எட்டுப் பேருக்கு இடம்.
ஒருமனதாக நிறைவேறியது.
முதல் தொடப்படவில்லை.

எழுந்தவர்களை உட்காரச் சொன்னார் அம்மாள்.
"அறுபத்தோராம் பக்கத்துல
என் எதிர்ப்புக்குக் கீழ ஒரு வரி சேருங்க.
பச்சையப்பன், வயசு நாற்பத்து நாலு.
இன்னைக்கோட இருபத்து மூணு நாள்."
கையெழுத்தான பக்கம்மா, விதி இடம் தராது என்றேன்.
"அப்ப இந்தப் பக்கத்துல."
எந்தத் தலைப்பில்?
"கணக்குல எங்க வருமோ அங்க."

முப்பது வருஷமாகக் குறிப்பு எழுதுகிறேன்.
வரவு தெரியும், செலவு தெரியும்,
வாராக்கடன்கூடத் தெரியும்.
வரியை எழுதிவிட்டேன்,
மேலே தலைப்புக்கு இடம் விட்டு.

இரவு ஷிப்ட் முடிய பன்னிரண்டரை ஆகும்.
போச்சம்பள்ளிக்குக் கடைசி பஸ் ஒன்பதே முக்கால்.
இதை யாரும் யோசிக்கவில்லை,
வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கும் தோன்றியது.
அடுத்த கூட்டத்துக்கு
பொருள் ஒன்று.