குறி

அந்தக் கோட்டையை எனக்குக் கடலிலிருந்துதான் தெரியும்.
எதிரி பார்க்கவென்று கட்டிய முகம் அது.
ஒல்லாந்தன் அடுக்கிய கல், அதன்மேல்
வெள்ளைக்காரன் பூசிய சீமெந்து,
எல்லாம் என்னைப்போல
வள்ளத்தில் வருகிற ஒருவன்
தூரத்திலேயே திரும்பிப் போகட்டும் என்று.

நாங்கள் திரும்பவில்லை.
மதிலைப் பிளந்து முளைத்த ஆல்
வட்டத்தீவு வெளிச்சவீட்டின் தலையில் வந்து குந்தும்.
பின்பக்கம் மூதூர்ப் பள்ளி மினாரா
கரைத் தென்னையோடு ஒட்டும்.
இரண்டும் ஒரே நேரம் நடந்தால்
"நிப்பாட்டு" என்பான் உதுமாலெப்பை.
கீழே பதினெட்டுப் பாகத்தில் கல்.
கல்லடியில் கலவாய்.

அந்த இடத்துக்கு எங்களிடம் பெயர் இல்லை.
குறி என்போம்.
மேலே பீரங்கி துடைத்தவனும்
தன் பாஷையில் அதையேதான் சொல்லியிருப்பான்.

நாற்பத்திரண்டில் அந்தப் பீரங்கிகள்
கடலையே பார்த்துக்கொண்டு நின்றனவாம்.
வந்தவன் வானத்தால் வந்தான்.
எண்ணெய்த் தாங்கி நாட்கணக்காய் எரிந்ததாம்.
எங்கள் காலத்தில் பாஸ் வந்தது:
ஆறு மணிக்குப் பிறகு கடல் இல்லை,
இன்ன குதிரைவலுவுக்கு மேல் இயந்திரம் இல்லை.
அப்போதும் ஆல் வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

போன வாடைக்கு எட்டு நாள் கடல் கிளம்பிக் கிடந்தது.
காடு வெட்ட ஆள் கேட்டார்கள், நாட்கூலி.
வாசலில் அடையாள அட்டையை வாங்கினார்கள்,
போனை வாங்கினார்கள்,
ஏறவிட்டார்கள்.
வவ்வால் எச்சம், இருட்டறை,
பீரங்கி சுழன்ற வட்டக்குழியில்
மழைத்தண்ணீர், இரண்டு தவளை.

மதிலில் நின்ற மரத்தைக் காட்டினார் ஓவசியர்.
வேர் கல்லுக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தது.
கோடரி வழுக்கியது.
பால் வடிந்து உள்ளங்கையில் பிசினாய் ஒட்டியது.
பின்னேரம் நாலு மணிக்கு
சரிந்து, கொஞ்சம் யோசித்து, விழுந்தது.

பிளேன்டீ கையிலிருக்கத் திரும்பிப் பார்த்தேன்.
கொட்டியாரக் குடா முழுக்க
ஒரு தாம்பாளத்தில் வைத்த மாதிரி.
எங்கள் இடத்தைத் தேடினேன்.
மேலேயிருந்து பார்த்தால்
கடலில் இடமென்று ஒன்றே இல்லை.
இங்கே நின்று காவல் காத்தவனுக்கு
வள்ளம் தெரிந்திருக்கும்,
அரிசியில் கிடக்கும் கல்லளவு.
அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று
ஒருநாளும் தெரிந்திருக்காது.
"என்ன தேடுறாய்?" என்றார் ஓவசியர்.
"ஒண்டுமில்ல ஐயா."

ஒன்பதாம் நாள் கடல் இறங்கியது.
மினாரா தென்னையை நெருங்கியது.
வெளிச்சவீடு வந்தது.
அதன் தலைக்கு மேலே
மொட்டைச் சுவர், சுத்தமாய், நேராய்,
எந்த மூலையும் எந்த மூலையைப் போலவும்.
"இன்னும் கொஞ்சம் விடு" என்றான் உதுமாலெப்பை.
விட்டேன்.
"மரம் எங்க?"

அப்போதுதான் உள்ளங்கை அரித்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை, கயிற்றைச் சுருட்டினேன்.
எனக்குத் தெரிந்து அந்தக் கோட்டை
அன்றைக்குத்தான்
ஒரு வள்ளத்தை மறித்தது.

ஈயக்குண்டை இறக்கினோம்.
இருபது பாகம்.
முப்பது.
நாற்பதிலும் கயிறு தளரவில்லை.
உதுமாலெப்பை இன்னும்
கண்ணைச் சுருக்கிக்கொண்டு
மலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.