ஓரடி

ஜனவரியில் டர்பன். ஓரடியில் தவறி
வெள்ளிக்கிழமையே பெட்டி கட்டினேன்.
மார்ச்சில் அகாதிர், மணலிலிருந்து மணலுக்கு.
மே மாதம் போர்ட்டோவில் நாற்பத்தோராவது இடம்;
கேடிக்குக் கொடுத்தது போக
விமானச் சீட்டுக்கே இழுபறி.

அக்கா மோர்வென் தபால்காரி.
ஃபைஃப் கரையில் கடிதமெல்லாம் போட்டு முடித்து
ஏழே மட்டைகளோடு திடலில் இறங்குவாள்.
அமெச்சூர்.
ஜெயித்தால் பன்றித்தொடை, தோற்றால் சூப்.

ஆகஸ்ட், கிளப் இறுதிச் சுற்று, பதினாறாவது குழி.
முட்புதரோரம் மட்டையை ஊன்றியதும்
பந்து அரை விரற்கடை நகர்ந்ததாம்.
தன் அட்டையில் தானே ஓரடி கூட்டிக்கொண்டாள்.
கோப்பை மருந்துக்கடை எஸ்மிக்கு.

ஆஸ்லோ விடுதியிலிருந்து கத்தினேன்:
"யாரு பார்த்தா?"
"இரு, நனைஞ்ச கோட்டைக் கழட்டிட்டு வரேன்."
திரும்பி வந்தவள்
மழையைப் பற்றியே பேசினாள்.

நவம்பரில் தொடர் ஆட்ட உரிமமும் போயிற்று.

இப்போது டிசம்பர்.
பச்சையெல்லாம் உறைபனி, கொடிகளைக் கழற்றிவிட்டார்கள்.
மாலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு
உள்ளே வருவாள், தேநீர் கேட்பாள்.

டர்பனில், சருகை ஒதுக்கும்போது,
என் பந்தும் நகர்ந்தது.
நான் எழுதவில்லை.
அப்படியும் ஓரடி.