கழிக்க வேண்டிய எடை

ஹாமர்ஃபெஸ்ட்டில் நவம்பர் கடைசியில்
சூரியன் கிளம்பிப் போய்விடும்.
மதியச் சாப்பாட்டையும்
விளக்கைப் போட்டுத்தான் கொடுக்கிறோம்.
கொடுக்கிறோம் என்றா சொன்னேன்?
கொடுப்பது மற்றவர்கள்.
நான் தட்டெடுப்பவள்.
மூன்றாம் தளம், நாற்பத்திரண்டு கட்டில்,
பதினோரு வருடம்.

யார் பட்டாணியை ஓரங்கட்டுவார்,
யார் ரொட்டியின் கருகல் விளிம்பை
நாப்கினுக்கடியில் ஒளிப்பார்,
எனக்குத் தெரியும்.
என்னிடம் யாரும் கேட்பதில்லை.

ஏழாம் கட்டிலில் ஹால்வர் எல்லிங்சன்.
மீன் துறையில் முப்பத்தெட்டு வருடம் எடை போட்டவர்.
வந்த அன்றே தராசில் ஏறச் சொன்னார்கள்.
ஏறுமுன் சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தார்,
கைக்கடிகாரத்தை, பிறகு கண்ணாடியை.
"பெட்டியின் எடையைக் கழிக்காமல்
மீனுக்கு விலை போடக் கூடாது."
செவிலி சிரித்தாள்.
அறுபத்தொன்று புள்ளி நான்கு.

பிறகு கேள்விகள்.
மூன்று மாதத்தில் இளைத்தது உண்டா?
போன வாரம் சாப்பாடு குறைந்தது உண்டா?
உண்டு, இல்லை, உண்டு, இல்லை என்ற கட்டங்களில்
எல்லாம் இல்லை.
அன்றைக்கு அது உண்மைதான்.

மறுநாள் இரவு
அவர் தட்டில் மடித்த நாப்கின் ஒன்று கனத்தது.
கனத்தது என்று இப்போது சொல்கிறேன்.
அப்போது அது நாப்கின்.
மிச்சம் மீதியோடு தொட்டியில் தட்டிவிட்டு
தண்ணீரைத் திறந்தேன்.

அதற்குப் பிறகு
போன தட்டு போனபடியே திரும்பியது.
சூப்பில் நீர் மட்டும் வற்றியிருக்கும்,
அடியில் கேரட் துண்டுகள்.
உருளைக்கிழங்கின் மேல்
கரண்டி முதுகின் தடம்: நசுக்கப் பார்த்திருக்கிறார்.
ஆப்பிள் முழுசாக, ஒரே ஒரு கீறலுடன்.
தாளில் யாரோ 'பசியில்லை' என்று எழுத
அடுத்தவர் 'மேற்படி' என்றெழுத
அதற்கடுத்தவர் இரண்டு புள்ளி வைத்தார்.

எட்டாம் நாள் உணவியலாளர் சிஸ்ஸெல் வந்தாள்.
ஐம்பத்தொன்பது புள்ளி இரண்டு.
தாளைக் கவிழ்த்து வைத்தாள்.
"வாயைத் திறங்கள்" என்றாள்.
அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
வெகுநேரம் கழித்துத் திறந்தது,
தண்ணீர் வடிந்த துறைபோல.

"மன்னிக்கணும்," என்றார்,
ஆஸ்பத்திரிச் சொத்தை உடைத்தவர் மாதிரி,
"எங்கேயோ தொலைத்துவிட்டேன்.
உங்களுக்கெல்லாம் எவ்வளவு வேலை."

தள்ளுவண்டியோடு வாசலில் நின்றேன்.
சொல்ல வாயெடுத்தேன்.
தட்டெடுத்தேன்.

பல்செட் வர மூன்று வாரமாம்.
அதுவரை க்ரீமில் வெந்த காட் மீன்,
மசித்த கிழங்கில் வெண்ணெய்,
மூன்று மணிக்கு முட்டை அடித்த பால்.
தட்டில் மஞ்சள் அட்டை: மெதுவாக, பக்கத்தில் இருந்து.
எனக்கும் ஒரு தாள் தந்தாள் சிஸ்ஸெல்.
எடுக்குமுன் எழுது: கால், அரை, முக்கால்.
"இந்தத் தளத்தில் தட்டைப் பார்ப்பவள் நீ ஒருத்திதான்."
பாராட்டு அது. விழுங்க முடியவில்லை.
இப்போதெல்லாம் ஒவ்வொரு நாப்கினையும் பிரிக்கிறேன்.

நேற்று மறுபடி தராசு.
சாவி, கடிகாரம், கண்ணாடி.
ஐம்பத்தொன்பது புள்ளி ஆறு.
"நானூறு கிராம்! பெரிய ஹெர்ரிங் ஒன்று" என்றார்.
"ஆனால் முதல் எடையில் ஒரு தப்பு.
அன்று பல்லும் இருந்தது. அதைக் கழிக்கணும்."

சிஸ்ஸெல் பேனாவைத் தேடினாள்.
அவர் என்னைப் பார்த்தார்.
"இருபது கிராம் இருக்குமா?"

இருக்கும் என்றேன்.