அளவுகோல்: ஒரு சாணுக்குப் பத்துப் பீடி

முக்கூடல், ஏழாம் வகுப்பு ஆ பிரிவு.
வாரத்தில் மூன்று அரைநாள் மட்டும் நான் ஓவிய வாத்தியார்.
ஒன்பது சிமெண்டுச் சாக்கைப் பிரித்துத் தைத்து
'எங்கள் ஊர்' போடச் சொன்னேன்.
முப்பத்தொரு பேரும் தத்தம் வீட்டைக்
கோபுரத்தைவிடப் பெரிதாகப் போட்டார்கள்.

அளவு வேண்டாமா என்றேன்.
மீட்டர் என்றதும் வகுப்பு வாய்மூடிக்கொண்டது.
பிறகு நஸ்ரின் எழுந்து சொன்னாள்:
"எங்க வீட்லருந்து ரேசன் கடைக்குப் பதினோரு பீடி, சார்."

விழித்தது நான் ஒருவன்தான்.
போய்த் திரும்புவதற்குள் அம்மாவின் சொளவில்
இருபத்திரண்டு விழுந்திருக்கும், அதில் பாதி.
சீனிக்கு வரிசை நின்றால் அது தனிக்கணக்கு.

ஜெபசிங்கின் அம்மாவுக்குக் கை வேகம்,
அதனால் அவன் வீட்டிலிருந்து எல்லாமே தூரம்.
ஒரு பீரியடு முழுக்கச் சண்டை.
கடைசியில், எல்லா அம்மாவுக்கும்
ஒரே கை என்று தீர்மானம் ஆயிற்று.

தெருக்களுக்குப் பெயிண்ட் இல்லை.
வீட்டிலிருந்து நூல் வந்தது,
கம்பெனிக்குக் கணக்குச் சொல்லவேண்டிய
சிவப்பு நூல்.

ஆற்றங்கரைத் தெருவில் கை நின்றது.
வெள்ளத்தன்று இலை ஊறி, தூள் சேறாகி,
அந்தத் தெரு முழுக்க இரண்டு ராத்திரி
இதே வகுப்பில்தான் படுத்திருந்தது.
"அன்னைக்கி யாரும் சுத்தலைல்லா? பூஜ்யம்னு போடுல."
பூஜ்யம் என்றால் தூரமே இல்லை.
ஏழு வீட்டையும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வரைந்தார்கள்,
கரும்பலகைக்குக் கீழே,
ஒருத்தர் கதவு இன்னொருத்தர் அடுப்பில் திறக்கும்படி.
தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன்.
சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இசக்கிப்பிரியா மட்டும் எதையும் ஒட்டவில்லை.
அவள் அம்மா பனியன் கம்பெனியில்.
"ஊர்ப் படத்துல திருப்பூரா?" என்றான் ஒருவன்.
"ராத்திரி பஸ்ல ஒம்பது மணி நேரம்" என்றாள் அவள்.
விரல்விட்டு எண்ணினார்கள்.
ஆயிரம்.
யாரும் கொஞ்சநேரம் பேசவில்லை.
ஆயிரம் எவ்வளவு என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்,
விடிந்து விளக்கு வைக்கிறவரை.

நூறு சாண். சாக்குப் பற்றவில்லை, சுவரும்.
ஜன்னல் கம்பி வழியாக நூலை வெளியே விட்டார்கள்.
வராந்தா, தண்ணித்தொட்டி, கொடிக்கம்பம்...
முப்பிடாதி மண்டிபோட்டுச் சாண் வைத்துக்கொண்டே போனான்.
எண்பத்தொன்றில் சத்துணவுக்கூடச் சுவர் மறித்தது.

"போதும், மிச்சத்த எழுதிக்கிடலாம்"
என்று யாரோ கத்திரியை நீட்டினார்கள்.
அவள் வாங்கவில்லை.
சுவரடியில் ஓர் ஆணி அடித்து
நூல்கண்டை வெட்டாமல் மாட்டிவிட்டுக்
கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரி திங்கட்கிழமை வருகிறார்.
அளவுகோல் எங்கே என்று கேட்பார்.
நான் இன்னும் ஒன்றும் யோசிக்கவில்லை.

மதியம் மணியடித்தது.
சோற்று வரிசை அந்தச் சிவப்பருகே வந்ததும்
தட்டை ஒரு கையில் ஏந்தி
ஒவ்வொருவராய்க்
காலைத் தூக்கிவைத்துத் தாண்டிப் போனது.