பதினைந்தாம் நாள்

ஆய்வுக்குள் வரும்போது பெயரைக் கழற்றி
வாசலில் விட்டுவிட வேண்டும், செருப்பைப் போல.
நூற்றுப் பதினேழுக்கு அந்தச் சிரமம் இல்லை.
அவர் பெயர் நெர்குய்.
எங்கள் மொழியில் ‘பெயர் இல்லை’ என்று அர்த்தம்.
முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை.
கெட்டது ஏதும் தேடி வந்தால்
ஆள் தெரியாமல் திரும்பிப் போகட்டும் என்று
அப்பா வைத்த பெயர்.
படிவம் நிரப்பிய உலான்பாத்தர் பையன்
“சரி, பெயரைச் சொல்லுங்கள்” என்று
மூன்று முறை கேட்டான்.

காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை.
நாலு மாதம் போதுமா?
இவ்வளவுதான் கேள்வி.
கணினி குலுக்கிப் போட்டதில் அவருக்கு நாலு.
சிறுநீர் ஆரஞ்சாகப் போகிறதென்று
இரவு பதினொன்றுக்குக் கூப்பிட்டார்.
மருந்தின் நிறம்தான், பயப்படாதீர்கள் என்றேன்.
“அப்போ சரி. பனியில் வந்த வழி தெரியும்.”

எட்டாம் மாதம் வந்தார். எடை கூடியிருந்தது.
பன்னிரண்டாம் மாதத்துக்கு
ஜனவரி ஒன்பது வர வேண்டும்.
முன்னே பதினான்கு நாள், பின்னே பதினான்கு நாள் சலுகை.
அதை நாங்கள் சன்னல் என்போம்.
அந்த வருடம் பனி ஒருநாள் உருகி, மறுபடி உறைந்து,
சவ்கான் முழுக்கப் புல்லின்மேல் கண்ணாடி போட்டது.
ஆடுகள் நின்றபடியே செத்தன.
யார் வருவார்கள், சளி துப்ப?

வராதவரைத் தோல்வி என்று எழுத வேண்டும்.
நெறிமுறை, பக்கம் நாற்பத்தொன்று.
ஆசைப்பட்ட விடையை நாமே எழுதிவிடாமலிருக்க
நாமே போட்டுக்கொண்ட கடிவாளம்.
அதோடு எனக்குச் சண்டை இல்லை.
ஆனாலும் இருபத்தொன்றாம் தேதி
தாஷ்ன்யாமின் ஜீப்பில் ஏறினேன்,
மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை.
இரண்டு இரவு பனிக்குள் நின்றது ஜீப்.
போய்ச் சேர்ந்தபோது இருபத்துநாலு, காலை.

நெர்குய் தொழுவத்தின் கூரைமேல் நின்று
பனி தள்ளிக்கொண்டிருந்தார்.
மேலிருந்தே கத்தினார்: “செர்மா! டீ இருக்கு!”
அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது.
தெரிந்ததை எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது.

இருமுங்கள் என்றேன்.
இருமினார்.
இன்னும் ஆழமாக.
முகம் சிவந்ததே தவிர ஒன்றும் வரவில்லை.
அவர் மனைவி ஒத்கோன் அடுப்படியில் குலுங்கிச் சிரித்தாள்.
“போன வருஷம் ராத்திரி முழுக்கச் சும்மா கொடுத்தார்,
இப்போ விருந்தாளி வந்து கெஞ்சியும்
மனசு வரலை பாரு.”
கோப்பையில் ஒரு சொட்டு எச்சில்.
உப்பு டீ வாசனை.

பிறகு தன் நோட்டை எடுத்துக் காட்டினார்.
உயிரோடு அறுபத்தொன்று.
செத்தது இருநூற்று நாற்பது.
கீழே, எழுத்தில்லாமல்,
இருபத்துமூன்று சின்னக் கோடுகள்.
இது?
“காணாமப் போனது.”
செத்ததில் சேர்க்கவில்லையா?
என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
“உடம்பைப் பாக்காம எப்படி எழுதறது?
புல் முளைக்கட்டும்.”

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள்.
நான் எழுதினேன். தீரவில்லை.
நூற்றுப் பதினேழு: சன்னலுக்கு வெளியே, ஒரு நாள்.

அடுத்த ஆண்டு, வாடகை மண்டபத்தில், முடிவு வந்தது.
நாலு மாதம், ஆறு மாதத்தைவிட மோசமில்லை.
‘மோசமில்லை’.
புள்ளியியல்காரர்கள் வாயிலிருந்து
இதற்குமேல் ஒரு பாராட்டு வராது.
இரண்டு மாத மாத்திரை இனி யாருக்கோ மிச்சம்.
எல்லாரும் கைதட்டினார்கள், நானும்தான்.
கண் மட்டும் அட்டவணையின் அடியில் நின்றது:
தோல்வியாகக் கருதப்பட்டோர், வராதவர் உட்பட, பத்தொன்பது.
அதில் ஒருவர் கூரைமேல் நின்று
டீ குடிக்கக் கூப்பிட்டவர்.

பனிக்குப் பிறகு வந்த மே மாதத்தில்
ஒருமுறை ஃபோன் செய்திருந்தார்.
கோடு போட்டதில் மூன்று திரும்பிவிட்டதாம்,
எலும்பும் தோலுமாக, தம் காலாலேயே.
கூடவே ஒரு வெள்ளாடு.
அது அவருடையது இல்லை.
அதை எந்தக் கணக்கில் எழுதுவது
என்று கேட்டார்.