சாய்த்துப் பிடி

ஒரு மோட்டர் சைக்கிள், ரெண்டு பேர்.
காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை நான்,
மிச்சம் நுஸ்கி.
தெமட்டகொடை ரயில் கேற்றடியில் சாவி கைமாறும்,
ஹெல்மெட்டும்தான். உள்ளே எப்போதும் ஓர் ஈரம்.

லீஸ் காசு பாதி பாதி.
பெற்றோல் அவரவர் பாடு.
ஒயிலைப் பற்றி யாரும் பேசிவைக்கவில்லை.
அவன் மாற்றியிருப்பான் என்று நான் நினைத்தேன்,
அவனும் என்னைப் பற்றி அப்படித்தான்.
மீற்றர் கணக்கில் ஆறாயிரம் கிலோமீற்றர்
நினைத்துக்கொண்டே ஓடியிருக்கிறோம்.

இன்று போயா.
பட்டப்பகலில் அவனை முழுதாய்ப் பார்க்கிறேன்.
முன்நெற்றியில் வழுக்கை ஏறுகிறது.
என்னைவிட ஒரு சாண் உயரம்;
அதனால்தான் தினமும் காலையில்
கண்ணாடி வானத்தைக் காட்டுகிறது.

சூடானால்தான் இளகும் என்று
ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினோம்.
பதினேழாம் நம்பர் ஸ்பேனருக்கு நட் மசியவில்லை.
குழாய்த் துண்டொன்றைச் செருகி
நுஸ்கி காலால் மிதித்தான்.
கடைசிப் புரியில் விரல் சுட
நட் தவறி
வெட்டிய தண்ணீர்க் கேனுக்குள் விழுந்தது,
அதன் மேல் எல்லாக் கறுப்பும்.

பிறகு ஒரு நூல்.
காற்றுக்கு வளைந்து வளைந்து இறங்கியது.
ஃபோன் கத்தியது: பம்பலப்பிட்டி, ரெண்டு கொத்து.
எடுக்கவில்லை.
திரும்பக் கத்தியது: பொரளை.
யார்டில் ஒரு பெட்டி இன்னொன்றில் இடித்து நின்றது.
நூல் அறுந்து சொட்டானது.

"போதும் மல்லி, நட்டைப் பூட்டு"
என்று போகிற போக்கில் ஒரு த்ரீவீல்.
நுஸ்கி நிமிரவில்லை.
"சாய்ச்சுப் பிடி," என்றான்.

இடுப்பில் பாரம் வாங்கி இடப்பக்கம் சாய்த்தேன்.
இவ்வளவு நேரம் எங்கே இருந்ததோ,
ஒரு சிறங்கை ஒயில் கொழகொழவென்று வந்தது.
சாவியை அணைத்தபடியே
கிக்கரைக் கையால் மெல்ல அமுக்கினான்.
இன்னும் கொஞ்சம்.

அளந்தோம்.
ஊற்றியது ஒரு லீற்றர் என்று விற்றவன் சொல்லியிருந்தான்.
போத்தலில் நின்றது அறுநூறு.

"நீ இழுத்த இழுப்பு."
"நீ ஏத்தின பாரம்."
"ஆறாயிரத்துக்கு நானூறு எரியாது."
"எரியாதுதான்."

கேனுக்குள் கைவிட்டு நட்டைத் துழாவிக்கொண்டே,
முகம் காட்டாமல் சொன்னான்:
"மீற்றர் வயரக் கழட்டிட்டு
மாவனல்லைக்குப் போயிருக்கன்.
ரெண்டு தரம். வாப்பாவுக்கு மருந்து."

பைக் என் இடுப்பில் கனத்தது.
வயரை எப்படிக் கழற்றுவதென்று
எனக்கும் தெரியும்.

"சிலாபம்," என்றேன். "நாலு தரம்."
யாருக்கு என்று அவன் கேட்கவில்லை.
நட்டை எடுத்து, சாரத்து நுனியில் துடைத்து,
செப்பு வாஷரை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான்.
நசிந்திருந்தது.
பஞ்சிகாவத்தையில் இன்று கடை திறந்திருக்காது.
கல்லில் தேய்த்து, திருப்பிப் போடலாம் என்றான்.

அப்படியென்றால் அது ஆறாயிரமில்லை.
சரியான எண் எதுவென்று கூட்டிப் பார்க்க
இருவருக்கும் மனமில்லை.

புது ஒயில் தேன் நிறத்தில்
பக்கத்துச் சுவரோரம் காத்திருந்தது.
ஊற்றி நாலாம் நாளே கறுக்கும், தெரியும்.
கிளட்சின் இடுக்கில், பாதையறியாத துளைகளில்
பழசு கொஞ்சம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

ஆனாலும் அவன் பூட்டவில்லை.
துளையின் விளிம்பில் ஒன்று
கனத்து, நீண்டு, விழ மறுத்துத்
தொங்கிக்கொண்டிருந்தது.

"கை வலிக்குதா?"
"இல்ல."
ஃபோன் கத்தியது. வெள்ளவத்தை.

"மத்தப் பக்கமும் ஒருக்காச் சாயேன்," என்றான்.